குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட், குறியீட்டை விட அதிகம் காட்டுவது எப்படி? இன்டெக்ஸ் ஃபண்ட் பற்றிச் சில சந்தேகங்கள்

கேள்வி: புதுக்கணக்கு

வணக்கம். பங்குகளைத் தனித்தனியாக ஆராய்ந்து வாங்க நேரமில்லை. இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் ஒரு தொகை போடலாம் என்று இருக்கிறேன். அடிப்படை புரிகிறது: நிஃப்டி 50 போன்ற ஒரு குறியீட்டில் எந்தப் பங்குகள் உள்ளனவோ, அவற்றையே அதே விகிதத்தில் ஃபண்ட் வாங்கி வைத்துக்கொள்கிறது. ஆனால் எண்களைப் பார்க்க உட்கார்ந்தால் சில விஷயங்கள் இடிக்கின்றன.

ஒரே குறியீட்டைப் பின்பற்றும் இரண்டு ஃபண்டுகளை எடுத்துக்கொண்டேன். ஐந்து ஆண்டில் குறியீடு 61% ஏறியிருக்கிறது. முதல் ஃபண்ட் 70%, இரண்டாவது 66% காட்டுகின்றன. செலவைக் கழித்த பிறகு குறியீட்டை விடக் குறைவாகத்தானே வர வேண்டும்? எப்படி அதிகமாக வருகிறது? இரண்டும் ஒரே பங்குகளை வைத்திருக்கும்போது தங்களுக்குள் ஏன் வேறுபடுகின்றன?

முதல் ஃபண்டின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, 214, இரண்டாவதின் என்ஏவி 18. குறைந்த என்ஏவி உள்ளதை வாங்கினால் அதிக யூனிட் கிடைக்குமே, அது லாபமில்லையா?

குறியீட்டில் 50 நிறுவனங்கள் என்றால் ஆளுக்கு 2% என்று நினைத்திருந்தேன். ஃபண்டின் மாத அறிக்கையில் முதலிடத்தில் இருப்பதற்கும் கடைசியில் இருப்பதற்கும் பல மடங்கு வித்தியாசம். இதை யார் முடிவு செய்கிறார்கள்?

கடைசியாக, "இன்டெக்ஸ் ஃபண்டில் காத்திருந்தால் நஷ்டமே வராது" என்று பலர் சொல்கிறார்கள். இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

பதில்: தசமப்புள்ளி

முதல் கேள்வியில்தான் சாரமே இருக்கிறது. அதனால் அதை நிதானமாகப் பார்ப்போம்.

செய்தியிலும் செயலியின் முகப்பிலும் ஓடும் எண் விலைக் குறியீடு. பங்கு விலைகளின் ஏற்ற இறக்கம் மட்டும்தான் அதில் இருக்கும், நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் சேராது. டிவிடெண்ட் உரிமை முடியும் நாளில் பங்கின் விலை பொதுவாக ஏறக்குறைய அந்தத் தொகை அளவுக்குக் குறைந்து தொடங்கும். விலைக் குறியீடு அந்த இறக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், கொடுத்த பணத்தை விட்டுவிடும். உங்கள் ஃபண்டுக்கோ அந்தப் பணம் வந்து சேர்கிறது, அதைக் கொண்டு அதே பங்குகளைக் கூடுதலாக வாங்குகிறது. அதனால்தான் 61%-ஐத் தாண்டி நிற்கிறது.

ஆகவே ஃபண்டை ஒப்பிட வேண்டியது மொத்த வருமானக் குறியீட்டோடு. சுருக்கமாக டிஆர்ஐ என்பார்கள். டிவிடெண்ட் அனைத்தும் திரும்ப முதலீடு செய்யப்பட்டதாகக் கொண்டு கணக்கிடும் குறியீடு அது. குறியீட்டை வெளியிடும் நிறுவனத்தின் தளத்தில் தேதிகளைக் கொடுத்தால் கிடைக்கும். இந்தியாவில் 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் டிஆர்ஐ-யோடுதான் தங்களை ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்தது. அதற்கு முன் விலைக் குறியீட்டோடு ஒப்பிட்டு, டிவிடெண்டையும் தங்கள் திறமைக் கணக்கில் சேர்த்துக் காட்ட முடிந்தது. நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போதும் கவனம் வேண்டும். ஜெர்மனியின் டாக்ஸ் குறியீட்டில் செய்தியில் வரும் வழக்கமான எண்ணே டிவிடெண்ட் சேர்ந்தது. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500, இந்தியாவின் நிஃப்டி 50, ஜப்பானின் நிக்கெய் 225 ஆகியவற்றில் செய்தியில் வருவது வெறும் விலை. இவற்றை ஒரே வரைபடத்தில் போட்டால் டாக்ஸுக்குக் காரணமில்லாமல் ஒரு சாதகம் கிடைத்துவிடும்.

உங்கள் ஐந்து ஆண்டுக்கு டிஆர்ஐ 72% என்று வைத்துக்கொள்வோம். இப்போது எல்லாவற்றையும் ஆண்டு வளர்ச்சியாக மாற்றுங்கள். விலைக் குறியீடு 10%, டிஆர்ஐ 11.46%, முதல் ஃபண்ட் 11.20%, இரண்டாவது 10.67%. டிஆர்ஐ-யிலிருந்து முதலாவது ஆண்டுக்கு 0.26% பின்தங்குகிறது, இரண்டாவது 0.79%. இந்தப் பின்தங்கல்தான் டிராக்கிங் டிஃபரன்ஸ். ஒரே குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இதைவிட முக்கியமான எண் கிடையாது.

இது எங்கிருந்து வருகிறது? பெரும்பங்கு செலவு விகிதம், அதாவது ஃபண்டை நடத்த ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும் கட்டணம். அது தினசரி சிறிது சிறிதாக என்ஏவியிலிருந்தே கழிக்கப்படுவதால் கணக்கு அறிக்கையில் தனி வரியாகத் தெரியாது. அடுத்து, யூனிட்டைத் திரும்பக் கொடுப்பவர்களுக்குத் தர ஃபண்ட் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கும். 2% ரொக்கமாக இருந்து, அந்த ஆண்டு சந்தை 20% ஏறினால், அந்த ரொக்கம் ஈட்டிய வட்டி போக 0.4% வரை பின்தங்கும். சந்தை இறங்கும் ஆண்டில் அதே ரொக்கம் ஃபண்டைச் சற்று மேலே காட்டும். டிவிடெண்ட் அறிவிக்கப்பட்ட நாளுக்கும் கைக்கு வரும் நாளுக்கும் இடையிலான தாமதம், குறியீடு மாறும்போது வாங்கி விற்கும் செலவு ஆகியவையும் உண்டு. வெளிநாட்டுப் பங்குகள் என்றால் டிவிடெண்டில் அங்கேயே பிடிக்கப்படும் வரி ஒன்று இருக்கிறது. ஒப்பிடும் குறியீடு வரிக்கு முந்தியதா, வரி போக மிஞ்சியதா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிராக்கிங் எரர் என்று இன்னொரு எண் அறிக்கையில் இருக்கும். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டிராக்கிங் எரர் என்பது அன்றாட வித்தியாசம் எவ்வளவு அலைபாய்கிறது என்பதன் அளவு, அதாவது திட்ட விலக்கம். தினமும் ஒரே சீராகக் கொஞ்சம் பின்தங்கிக்கொண்டே வரும் ஃபண்டின் டிராக்கிங் எரர் சுழியத்தை ஒட்டி இருக்கும். ஆண்டு முடிவில் பார்த்தால் 0.8% போயிருக்கும். டிராக்கிங் எரர் குறைவு என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இந்தச் சீரான இழப்பு கண்ணில் படாது. எரர் அதிகமாக இருந்தால் ஃபண்டின் நிர்வாகம் ஒழுங்காக இல்லை என்று அர்த்தம். டிஃபரன்ஸ் அதிகமாக இருந்தால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். இரண்டையும் பாருங்கள், முதலில் டிஃபரன்ஸைப் பாருங்கள்.

0.5%, 1% எல்லாம் சில்லறை என்று நினைக்க வேண்டாம். சந்தை ஆண்டுக்கு 7% தருகிறது என்று கொண்டு 100-ஐ 30 ஆண்டு விட்டுவைத்தால் செலவே இல்லாமல் 761 ஆகும். ஆண்டுக்கு 0.2% போனால் 720. ஆண்டுக்கு 1.5% போனால் 498. உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரே எண் இதுதான். சந்தை எவ்வளவு தரும் என்பது யார் கையிலும் இல்லை.

என்ஏவி விஷயம் எளிது. 10,000 போட்டால் என்ஏவி 214-இல் 46.73 யூனிட், 18-இல் 555.56 யூனிட். இரண்டிலும் உள்ளே இருக்கும் பங்குகள் 10% ஏறினால் இரண்டும் 11,000. என்ஏவி குறைவாக இருப்பதற்குக் காரணம், ஃபண்ட் சமீபத்தில் தொடங்கப்பட்டது என்பதாகவோ டிவிடெண்டை வெளியே கொடுத்துவிடும் வகை என்பதாகவோ இருக்கலாம். இரண்டாவது காரணமா என்பதை மட்டும் சரிபாருங்கள். டிவிடெண்டை வெளியே தரும் வகையின் என்ஏவியை, உள்ளேயே சேர்க்கும் வகையோடு நேரடியாக ஒப்பிட்டால் தவறான விடை வரும்.

பதில்: எடைக்கல்

தசமப்புள்ளி சொன்னதோடு எடைக் கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான முக்கியக் குறியீடுகள் சந்தை மதிப்பை வைத்து எடை தருகின்றன. அதிலும் மொத்தப் பங்குகளையும் எடுப்பதில்லை. நிறுவனரும் அரசும் கைவிடாமல் வைத்திருப்பவற்றைக் கழித்துவிட்டு, சந்தையில் உண்மையில் கைமாறக்கூடியவற்றை மட்டும் எடுப்பார்கள். இதற்குப் பெயர் ஃப்ரீ ஃப்ளோட். சென்செக்ஸ் 2003-இல் இந்த முறைக்கு வந்தது, நிஃப்டி 50 2009-இல் வந்தது.

மூன்றே நிறுவனங்கள் உள்ள ஒரு குறியீட்டைப் போட்டுப் பார்ப்போம். முதலாவதில் 100 கோடிப் பங்குகள், விலை 50, மொத்த மதிப்பு 5,000 கோடி. ஆனால் 60% நிறுவனர் கையில், மிஞ்சுவது 2,000 கோடி. இரண்டாவதில் 20 கோடிப் பங்குகள், விலை 300, மதிப்பு 6,000 கோடி. நிறுவனரிடம் 10%, மிஞ்சுவது 5,400 கோடி. மூன்றாவதில் 10 கோடிப் பங்குகள், விலை 260, நிறுவனர் யாருமில்லை, 2,600 கோடியும் சந்தையில். கூட்டினால் 10,000 கோடி. எடை 20%, 54%, 26%. மொத்த மதிப்பில் முதலாவது மூன்றாவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரியது, ஆனால் எடையில் அதற்குக் கீழே. உங்கள் மாத அறிக்கையில் "இவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் இவ்வளவு கீழே இருக்கிறது" என்று தோன்றினால் பெரும்பாலும் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது இரண்டாவது நிறுவனத்தின் விலை 10% ஏறட்டும். குறியீடு 5.4% ஏறும், அதன் எடை 54-இலிருந்து 56.4% ஆகும். இதில் கவனிக்க வேண்டியது, ஃபண்ட் ஒரு பங்கைக்கூட வாங்கவோ விற்கவோ தேவையில்லை. கையில் இருக்கும் பங்கின் மதிப்பும் அதே அளவு ஏறிவிட்டதால் விகிதம் தானாகவே பொருந்திவிடுகிறது. இன்டெக்ஸ் ஃபண்ட் குறைந்த செலவில் ஓடுவதற்கு அடிப்படைக் காரணமே இதுதான். ஆய்வாளர் சம்பளம் மிச்சமாவது அடுத்த காரணம்.

எல்லோருக்கும் சம எடை தரும் குறியீடுகளும் உண்டு, நீங்கள் நினைத்த ஆளுக்கு 2% போல. அதில் ஏறியதை விற்று இறங்கியதை வாங்கி அவ்வப்போது சமப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். வணிகச் செலவு கூடும். மூன்றாவது வகை, பங்கு விலையையே எடையாகக் கொள்வது. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸும் ஜப்பானின் நிக்கெய் 225-உம் அந்த வகை. நம் மூன்று நிறுவனங்களுக்கும் விலை எடை போட்டால் 8%, 49%, 43% வரும். மொத்த மதிப்பில் ஆகச் சிறியதான மூன்றாவது நிறுவனம் 43% பிடித்துக்கொள்கிறது, அதன் ஒரு பங்கின் விலை 260 என்பதற்காக மட்டும். ஆப்பிள் 2020 ஆகஸ்டில் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. நிறுவனத்தில் எதுவும் மாறவில்லை, ஆனால் டவ் ஜோன்ஸில் அதன் எடை கால் பங்காகிவிட்டது. நீண்ட கால முதலீட்டுக்கு விலை எடைக் குறியீட்டை நான் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த எடைக்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் கிடையாது.

யார் உள்ளே, யார் வெளியே என்பதை குறியீட்டு நிறுவனத்தின் எழுதப்பட்ட விதிகளும் குழுவும் முடிவு செய்கின்றன. நிஃப்டி 50 ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் மாறும். மாற்றம் முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால் ஃபண்டுகள் எந்த நாளில் வாங்கியாக வேண்டும் என்பது ஊருக்கே தெரியும், மற்றவர்கள் முந்திக்கொண்டு வாங்குவார்கள். டெஸ்லா எஸ் அண்ட் பி 500-இல் சேரும் என்று 2020 நவம்பர் 16-இல் அறிவித்தார்கள். டிசம்பர் 21-இல் சேர்ந்தது. இடைப்பட்ட ஐந்து வாரத்தில் பங்கு சுமார் 70% ஏறியது. குறியீட்டு ஃபண்டுகள் அந்த ஏறிய விலையில்தான் வாங்கின. இந்தச் செலவு டிராக்கிங் டிஃபரன்ஸில்கூடத் தெரியாது, ஏனென்றால் குறியீடும் அதே விலையில்தான் பங்கைச் சேர்த்துக்கொள்கிறது.

இன்னொன்று. 50 நிறுவனங்கள் என்றால் 50-லும் பரவலாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிஃப்டி 50-இல் முதல் பத்து நிறுவனங்களே பாதிக்கு மேல், அதிலும் வங்கி, நிதித்துறைதான் ஆகப் பெரிய பகுதி. ஒரே குறியீட்டைப் பின்பற்றும் மூன்று ஃபண்டுகளை வாங்கினாலும் உள்ளே இருக்கும் பங்குகள் மாறாது. மூன்று அறிக்கைகளைப் படிக்கும் வேலை மட்டும் மிஞ்சும்.

பதில்: நீள்பாதை

"காத்திருந்தால் நஷ்டமே வராது" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்களை ஆபத்தில் தள்ளும் வாக்கியம் அது.

எஸ் அண்ட் பி 500 2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் 57% விழுந்தது. 57% விழுந்ததை மீட்க 57% ஏறினால் போதாது, சுமார் 133% ஏற வேண்டும். விலைக் குறியீடு பழைய உச்சத்தை 2013-இல்தான் தொட்டது. நிஃப்டி 50 2008 ஜனவரியிலிருந்து அக்டோபருக்குள் ஏறக்குறைய 60% விழுந்தது. 2020 பிப்ரவரி, மார்ச்சில் எஸ் அண்ட் பி 500 வெறும் ஐந்து வாரத்துக்குள் 34% இறங்கியது. கடினமான எடுத்துக்காட்டு ஜப்பான். நிக்கெய் 1989 டிசம்பர் 29-இல் 38,915-இல் முடிந்தது. அந்த எண்ணைத் தாண்டியது 2024 பிப்ரவரி 22-இல். முப்பத்து நான்கு ஆண்டு. டிவிடெண்டைச் சேர்த்துக் கணக்கிட்டால் சில ஆண்டு குறையும், அவ்வளவுதான். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவரின் கணக்கு இது. ஆண்டுதோறும் சிறுகச் சிறுகப் போட்டுவந்தவர், தாழ்ந்த விலையிலும் வாங்கியிருப்பதால் மிகவும் முன்னதாகவே லாபத்துக்கு வந்திருப்பார். ஆனாலும் ஒரே நாட்டின் குறியீட்டில் முழுப் பணத்தையும் வைப்பது எவ்வளவு பெரிய பந்தயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

குறியீடு சுழியத்துக்குப் போகாது என்பது ஏறக்குறைய உண்மைதான். தேய்ந்துபோகும் நிறுவனம் படிப்படியாக எடை குறைந்து வெளியேறி, வளர்வது உள்ளே வரும். ஃபண்ட் நிறுவனமே மூடினாலும் பங்குகள் அதன் சொத்து அல்ல. முறையாக ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகளில் அவை தனிப் பாதுகாவலரிடம் முதலீட்டாளர்களுக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஆனால் இந்த இரண்டு பாதுகாப்பும் 50% இறக்கத்திலிருந்து உங்களைக் காக்காது. ஃபண்ட் மேலாளர் இறக்கத்துக்கு முன் விற்று வெளியே நிற்க மாட்டார், அது அவர் வேலையும் இல்லை. குறியீடு விழும் முழு ஆழத்துக்கும் உங்கள் பணமும் விழும்.

ஆகவே எந்த ஃபண்ட் என்பதற்கு முன் எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்யுங்கள். ஐந்து ஆண்டுக்குள் தேவைப்படும் பணம் இங்கே வரவே கூடாது, ஏழு ஆண்டு என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. மிஞ்சியதிலும் பங்கு இவ்வளவு, கடன் பத்திரம் அல்லது வைப்பு நிதி இவ்வளவு என்று பிரியுங்கள். 60:40 என்று பிரித்து வைத்திருக்கும்போது பங்குச்சந்தை பாதியாக விழுந்தால் 60 என்பது 30 ஆகும், 40 அப்படியே நின்றால் மொத்தம் 70. அதாவது 30% இழப்பு. இந்த 30%-ஐ உங்கள் முழுச் சேமிப்புத் தொகையோடு பெருக்கி, வரும் எண்ணைத் தாளில் எழுதிப் பாருங்கள். சதவீதமாகத் தாங்கக்கூடியதாகத் தெரிவது தொகையாக எழுதினால் வேறு மாதிரித் தெரியும். அந்தத் தொகை தூக்கத்தைக் கெடுக்கும் என்றால் பங்கின் அளவைக் குறையுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து, வைத்த விகிதத்திலிருந்து ஐந்து புள்ளிக்கு மேல் விலகியிருந்தால் மட்டும் சரிசெய்யுங்கள். மேலே சொன்ன வீழ்ச்சியில் பங்கு 70-இல் 30, அதாவது 43% ஆகியிருக்கும். 12 அளவுக்கு மறுபுறத்திலிருந்து எடுத்துப் பங்கில் போட்டால் 42:28, மறுபடி 60:40. சந்தை விழுந்து கிடக்கும் நேரத்தில் வாங்கச் சொல்கிற விதி இது. மனம் ஒப்பாது, அதனால்தான் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

தொடர் கேள்வி: புதுக்கணக்கு

மூவருக்கும் மிக்க நன்றி. டிஆர்ஐ விஷயம் தெரிந்ததுமே எண்கள் பொருந்திவிட்டன. இன்னும் மூன்று சந்தேகங்கள். அதே குறியீட்டுக்கு இடிஎஃப் (பங்கைப் போலவே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) ஒன்று பாதிச் செலவு விகிதத்தில் இருக்கிறது, அதையே வாங்கலாமா? கையில் ஒரு மொத்தத் தொகையும் இருக்கிறது. ஒரே நாளில் போடுவதா, பிரித்துப் போடுவதா? புதிதாக வந்த ஒரு துறைக் குறியீட்டு ஃபண்டின் விளம்பரத்தில் 15 ஆண்டில் ஆண்டுக்கு 22% என்று இருக்கிறது. அதையும் கொஞ்சம் சேர்க்கலாமா?

பதில்: வாங்குவிலை

இடிஎஃப் பற்றி.

இன்டெக்ஸ் ஃபண்டை ஃபண்ட் நிறுவனத்திடமிருந்தே அன்றைய என்ஏவியில் வாங்குகிறீர்கள். இடிஎஃப்-ஐச் சந்தையில் இன்னொருவரிடமிருந்து வாங்குகிறீர்கள், அவர் கேட்கும் விலையில். அந்த விலை உள்ளிருக்கும் பங்குகளின் மதிப்பைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம். பெரிய, தினமும் நன்றாகக் கைமாறும் இடிஎஃப்-களில் இந்த இடைவெளி மிகச் சிறியது, ஏனென்றால் விலை விலகினால் பெரிய வணிகர்கள் பங்குத் தொகுப்பை இடிஎஃப் யூனிட்டாகவோ, யூனிட்டைப் பங்காகவோ மாற்றி லாபம் பார்த்து இடைவெளியை மூடிவிடுவார்கள். வணிகம் மெலிந்த இடிஎஃப்-இல் அப்படி மூட ஆள் இருக்காது.

ஆர்டர் திரையைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். வாங்க வருபவர் 99.60, விற்க வருபவர் 100.40 என்று இருந்தால், இப்போது வாங்கி உடனே விற்றாலே 0.8% போய்விடும். செலவு விகிதத்தில் ஆண்டுக்கு 0.1% மிச்சம் பிடிக்க இதைக் கொடுத்தால் ஈடுகட்ட எட்டு ஆண்டு. அதன் மேல் தரகுக் கட்டணம் வேறு. மாதாமாதம் சிறு தொகை போடுபவருக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது. முழு யூனிட்டாகத்தான் வாங்க முடியும் என்ற இடங்களில் ஒவ்வொரு மாதமும் மிச்சம் தேங்கும். தானியங்கித் தவணை, துல்லியத் தொகை, விலை பார்க்கும் வேலை இல்லை என்பவற்றுக்காக உங்களுக்கு ஃபண்டே பொருத்தம்.

இடிஎஃப்தான் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். வணிக நேரத்தில் வெளியிடப்படும் உத்தேச என்ஏவியை முதலில் பாருங்கள், ஐஎன்ஏவி என்று போட்டிருப்பார்கள். சந்தை விலை அதைவிட அரை சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். கிடைக்கும் விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், ஐஎன்ஏவியை ஒட்டி, இதற்கு மேல் வேண்டாம் என்று விலை குறிக்கும் லிமிட் ஆர்டர் போடுங்கள். சந்தை திறந்த முதல் கால் மணி நேரத்தில் வாங்காதீர்கள், உள்ளிருக்கும் பங்குகளின் விலையே அப்போது நிலைப்பட்டிருக்காது. வெளிநாட்டுக் குறியீட்டு இடிஎஃப் என்றால், அந்த நாட்டுச் சந்தை மூடியிருக்கும் நேரத்தில் ஐஎன்ஏவி பழைய விலையை வைத்துக் கணக்கிடப்பட்டதாக இருக்கலாம்.

பதில்: நீள்பாதை

மொத்தத் தொகை பற்றி: சந்தை நீண்ட காலத்தில் இறங்கிய ஆண்டுகளைவிட ஏறிய ஆண்டுகள் அதிகம் என்பதால், சராசரியாகப் பார்த்தால் உடனே போடுவதே முந்தும். பிரித்துப் போடுவது லாபத்தைக் கூட்டும் உத்தி என்று சொல்வது சரியல்ல. காத்திருக்கும் பணம் சந்தைக்கு வெளியே இருக்கிறது, அவ்வளவுதான். அது தருவது வேறொன்று: போட்ட மறுமாதமே 20% விழுந்தால் வரும் அதிர்ச்சியைக் குறைக்கிறது. முதல் வீழ்ச்சியிலேயே பயந்து விற்றுவிட்டால் சராசரிக் கணக்கெல்லாம் வீண் என்பதால், புதியவருக்கு ஆறு அல்லது பன்னிரண்டு சம தவணையாகப் பிரிப்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். தேதிகளை முதலிலேயே குறித்துவிட வேண்டும். "இன்னும் இறங்கட்டும்" என்று தவணையைத் தள்ளிப்போட்டால் அது சந்தையைக் கணிக்கும் விளையாட்டாகிவிடும்.

பதில்: எடைக்கல்

நீள்பாதை சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும்: சம்பளத்திலிருந்து மாதாமாதம் போடுவது பிரித்துப் போடும் உத்தி அல்ல. பணம் வரும்போதே போடுகிறீர்கள், காத்திருக்கும் தொகை எதுவும் இல்லை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் மொத்தத் தொகையை ஆண்டுக்கணக்கில் வங்கியில் வைத்துவிடுகிறார்கள்.

இனி அந்த 22%. குறியீட்டின் விவரத்தாளைத் திறந்து இரண்டு தேதிகளைத் தேடுங்கள்: அடிப்படைத் தேதி, அறிமுகத் தேதி. கணக்கு எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பது முதலாவது. குறியீடு உண்மையில் என்றைக்கு வெளியிடப்பட்டது என்பது இரண்டாவது. நிஃப்டி 50-க்கு அடிப்படை 1995 நவம்பர் 3, அறிமுகம் 1996 ஏப்ரல். இடைவெளி சில மாதம்தான். துறைக் குறியீடுகளிலும் உத்திக் குறியீடுகளிலும் இந்த இடைவெளி பத்துப் பதினைந்து ஆண்டுகூட இருக்கும். அறிமுகத்துக்கு முந்தைய எண்கள் யாரும் முதலீடு செய்து பெற்றவை அல்ல. விதியைப் பிறகு எழுதி, பழைய விலைகளின் மேல் ஓட்டிப் பார்த்தவை. பின்னோக்கி ஓட்டி நன்றாக வந்த விதிதான் குறியீடாக வெளிவருகிறது, மோசமாக வந்தவை வெளிவருவதில்லை. ஆகவே அறிமுகத் தேதிக்குப் பிந்தைய எண்ணை மட்டும் எடுத்து, அதைப் பரந்த குறியீட்டின் டிஆர்ஐ-யோடு ஒப்பிடுங்கள். அறிமுகமே சென்ற ஆண்டுதான் என்றால் ஒப்பிட உங்களிடம் எதுவுமில்லை என்று பொருள்.

"இன்டெக்ஸ்" என்ற சொல் பெயரில் இருப்பதாலேயே அது பரவலான முதலீடு ஆகிவிடாது. ஒரு துறையை மட்டும் எடுப்பது அந்தத் துறை மற்றவற்றை முந்தும் என்ற கணிப்பு. அந்தக் கணிப்பைத் தவிர்க்கத்தான் இன்டெக்ஸ் ஃபண்டுக்கே வந்தீர்கள்.

பதில்: தசமப்புள்ளி

வாங்கும் நாளில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குறியீட்டைத் தேர்ந்தெடுங்கள், பரந்ததாக. பிறகு அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் எல்லா ஃபண்டுகளையும் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் செலவு விகிதம், மூன்று ஆண்டு மற்றும் ஐந்து ஆண்டு டிராக்கிங் டிஃபரன்ஸ், ஃபண்டின் மொத்தத் தொகை ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். ஓராண்டு டிஃபரன்ஸைத் தனியாக நம்ப வேண்டாம், ஒரு பெரிய முதலீட்டாளர் வந்து போனாலே அது குலையும். செலவு விகிதம் குறைவாக இருந்தும் டிஃபரன்ஸ் அதிகமாக இருந்தால் அந்த ஃபண்டில் ரொக்கமோ வணிகமோ சரியாகக் கையாளப்படவில்லை. அதைத் தள்ளுங்கள். மிஞ்சியவற்றில் டிஃபரன்ஸ் குறைந்தது உங்களுடையது.

விண்ணப்பத்தில் இரண்டு இடங்களில் தவறு நடக்கும். ஒரே ஃபண்டுக்கு இடைத்தரகர் கமிஷன் சேர்ந்த வகையும் சேராத வகையும் இருக்கும் நாடுகளில், இந்தியாவில் ரெகுலர், டைரக்ட் என்பார்கள், கமிஷன் சேராததைத் தேர்ந்தெடுங்கள். முன்பு போட்ட 720-க்கும் 498-க்கும் இடையிலான கணக்கு இங்கேதான் வேலை செய்யத் தொடங்குகிறது. அடுத்தது, டிவிடெண்டை உள்ளேயே சேர்க்கும் வகையா, வெளியே தரும் வகையா என்ற கட்டம். வருமானம் இப்போது தேவையில்லை என்றால் உள்ளேயே சேர்க்கும் வகை. வாரிசு நியமனத்தையும் அன்றைக்கே நிரப்பிவிடுங்கள்.

பெயரில் 2 மடங்கு, 3 மடங்கு என்று இருப்பதைத் தொட வேண்டாம். அவை ஒவ்வொரு நாளின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பெருக்குகின்றன. குறியீடு 100-இலிருந்து 10% விழுந்து 90 ஆகி, மறுநாள் 11.11% ஏறி 100-க்கே வந்தால், 2 மடங்கு ஃபண்ட் முதல் நாள் 80-க்கு விழுந்து, மறுநாள் 22.22% ஏறி 97.78-இல் நிற்கும். குறியீடு ஓரடிகூட நகரவில்லை, உங்கள் பணத்தில் 2.22% போய்விட்டது.